பாதிக் கூரை

ஈரம் தவிர வேறு நோயில்லை என்றார் தரகர்.
மொண்டேவீடியோவில்
எந்தச் சுவரை விற்றாலும்
நதி அதில் ஒரு பங்குதாரர்.

வாங்கினேன்.
மூன்றரை மீட்டர் உயரக் கதவுகள்,
எவர் கைக்கும் எட்டாத மேல்தாழ்,
நடப்பவரைக் காட்டிக்கொடுக்கும் பைன் பலகைத் தரை.
அசல் எதையும் மாற்றக்கூடாதென்று
ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் எழுதினேன்.
ஒடிலோன் மூக்குக்கண்ணாடி போடாமலே கையெழுத்திட்டார்.

முற்றத்தில் வினைலை உரித்தோம்.
அதன்கீழ் பச்சை லினோலியம்.
அதன்கீழ், கால்பந்து முடிவுகளோடு
ஐம்பத்தெட்டாம் வருடத்துச் செய்தித்தாள்.
அதன்கீழ்
காவி, கருநீலம், சாம்பல்:
ஓட்டுக்குக் கால் நட்சத்திரம்,
நான்கு சேர்ந்தால் ஒன்று.
வினிகர் எடுத்து வந்தேன்.
கையைத் தடுத்தார்:
"சிமெண்ட் ஓடு, சென்யோரா. புளிப்புப் பட்டால் அழும்."

மூன்று நாள் முழங்காலில் தேய்த்துக்கொண்டே போய்
கிழக்குச் சுவரில் முட்டி நின்றோம்.
கடைசி வரிசை நட்சத்திரங்கள் எல்லாம்
பாதி உடம்பைச் சுவருக்கடியில் நுழைத்திருந்தன.

நிமிர்ந்து பார்த்தேன்.
கண்ணாடிக் கூரையும் அப்படியே.
இரும்புச் சட்டம், தண்டவாளம், சின்னச் சக்கரங்கள்;
சுவரின் தலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி,
அதில் யாரோ அடைத்த கந்தல்,
அதைத் தாண்டி
அந்தப் பக்கம் போய்விட்டது மிச்சக் கூரை.
சுழற்றும் கைப்பிடியைத் தேடி
இரண்டு வாரம் நான் அலமாரி அலமாரியாய்த்
தலைவிட்டதெல்லாம் வீண்.

ஒரு தகப்பன், ஒரு முற்றம்,
இரண்டு மகன்கள், ஒற்றைச் செங்கல் சுவர்.
பதிவேட்டில் அவ்வளவுதான் இருந்தது.

"சுவர் அசலில்லையே, இடித்துவிடலாமா?"
விளையாட்டாய்த்தான் கேட்டேன்.
ஒடிலோன் சிரிக்கவில்லை.
"எந்த அசல் வேண்டும்? பதினாலா, ஐம்பத்தெட்டா?
அந்தப் பக்கம் அதன்மேல்
ஒருவர் அடுப்பு சாய்ந்திருக்கிறது."
கூரையை நடுவில் அறுத்துவிடலாம்,
உங்கள் பாதிக்குப் பாலிகார்பனேட்,
ஒழுகாது, திறக்கவும் திறக்காது என்று
விலை சொன்னார். மலிவான விலை.

அந்தப் பக்கம் எவரிஸ்தோ.
இரவெல்லாம் டாக்ஸி, பகலெல்லாம் தூக்கம்.
எங்கள் சுத்தியலுக்கு எதிராக
மாநகராட்சிக்கு இரண்டு மனு,
என் கதவிடுக்கில் மூன்று துண்டுச்சீட்டு.
கடைசிச் சீட்டில் வெறும் ஆச்சரியக்குறி.

அவர் வீட்டு மணியை அழுத்தியபோது
என் கையில் ஒரு டப்பா கிரீஸ்.
பிஸ்கட் கொண்டுபோயிருக்கலாம், தோன்றவில்லை.
பனியனோடு வந்தார்,
ஒரு கண் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

அவர் பாதி முற்றம் சமையலறை ஆகியிருந்தது.
குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால்
பித்தளைக் கைப்பிடி.
அதில் பூண்டுச் சரம் தொங்கியது.
"தண்ணீர் வால்வு என்று நினைத்தேன்.
ஒருமுறை திருகினேன், அசையவில்லை."
அசைந்திருக்காது.
சங்கிலி துருவேறி இறுகிக் கிடந்தது
என் பக்கம்.

சனிக்கிழமை.
ஏணியில் ஒடிலோன், சங்கிலியில் நான்,
சுவருக்கப்பால் மூச்சிரைக்கும் எவரிஸ்தோ.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு, ரயில் கிளம்புவதுபோல் ஒரு முனகல்;
அறுபது வருடத்துக் கரியும்
ஒரு புறாக்கூடும்
இரண்டு வீட்டிலும் விழுந்தன.
அந்தத் தகப்பன் சொத்தில்
சரிபாதியாய்ப் பிரிந்தது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

இப்போது ஒரு ஏற்பாடு:
திறக்க இரண்டு தட்டு, மூட மூன்று.
பகல் பத்திலிருந்து நான்குவரை தட்டக்கூடாது.

நேற்று இரண்டு மணிக்கு மழை.
நட்சத்திரங்கள்மேல் நான்கு வாளி வைத்தேன்.
தட்டவில்லை.
வாளிகள் நிரம்பும் சத்தத்தை எண்ணிக்கொண்டு
வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன்.
சுவருக்கப்பால் முதலில்
ஒரு கெட்ட வார்த்தை,
அப்புறம் சக்கரங்கள்.